அர்த்தநாரி வண்டிக்குக் கொடுத்த எர்த்

மழை வந்தால் முகத்தைச் சுளிக்கிற ஊர் ஒன்று உண்டு, பாத்தியில் விளைந்த உப்பெல்லாம் கரைந்து போய்விடுமே என்று. அந்தத் தூத்துக்குடியில், கடற்கரைக்குப் போகிற ரோட்டிலிருந்து மூன்றாவதாகப் பிரிகிற தெருவில், எங்கள் அப்பா சாலமோனின் ‘தாபோர் கார் ஆடியோ’ கடைக்குள், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சார்ஜுக்குப் போட்டிருந்த வெள்ளை வண்டி ஒன்று, யாரும் எதுவும் கேட்காமலே, “சோறு நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் என்ன கொறஞ்சா போயிருவேன்” என்று அப்பாவின் குரலில் சொன்னது.

கடையில் இருந்த அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். நியாயம்தான். மினிபஸ் கண்டக்டர் குரலில் “ரைட் ரைட்” சொல்லி, கண்டக்டரை டீக்கடையிலேயே விட்டுவிட்டு பஸ்ஸைக் கிளப்பியது நான். பங்குச் சாமியார் குரலில் போன் பேசி, சர்ச்சைக் கவனிக்கிற கோயில்பிள்ளையைப் பத்து மணிக்கே பன்னிரண்டு மணி அடிக்க வைத்ததும் நான். “ஏட்டி பியூலா!” என்று அப்பா கையை ஓங்கியபோது என் வாய் நிறைய மக்ரூன் இருந்தது, ஒன்றில்லை, நாலு. வாயைத் திறந்து காட்டினேன். ஓங்கிய கை அப்படியே நின்றது. சோற்றுத் தூக்கோடு வாசலில் நின்ற அம்மா, கல்யாணமான பதினெட்டு வருசத்தையும் ஒரே பார்வையில் வைத்து அப்பாவைப் பார்த்தாள்.

“அது வந்து ரூபி...” என்று அப்பா இழுத்தார்.

“அந்தப் புளிக்குழம்பு இருக்கே, அதுக்குச் சொத்தையே எழுதி வைக்கலாம்” என்று வண்டி முடித்து வைத்தது.

வண்டி எங்கள் பிசிக்ஸ் டீச்சர் ஹில்டா மிஸ்ஸுடையது. பாதி பெட்ரோல், பாதி கரண்ட். வீட்டு பிளக்கில் செருகினால் நாலு மணி நேரத்தில் சார்ஜ் ஏறும். ஏறிய சார்ஜ் தீரும்வரை பூனை நடப்பது மாதிரி சத்தமே இல்லாமல் போகும். தீர்ந்ததும்தான் இன்ஜின் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்திருக்கும். எதிர் டீக்கடை சுடலைமுத்து அண்ணாச்சி அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “ஆணும் பொண்ணும் ஒரே உடம்புல. இது அர்த்தநாரில்லா!” என்றார். வேதக்கார வீட்டு வண்டிக்கு அன்றிலிருந்து அதுதான் பேர்.

மிஸ் பாட்டுக் கேட்கிற ஆள் கிடையாது. அவர்கள் வீட்டுக்காரர் மச்சாடோ அங்கிள், துறைமுகத்தில் கப்பலை இழுத்துவருகிற டக் படகில் வயர்லெஸ் வேலை பார்த்தவர். தொண்டையில் ஆபரேஷன் முடிந்து பதினாலு மாதம், உயிர் தங்கிவிட்டது, குரல் போய்விட்டது. கழுத்தில் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு, ‘பால்’, ‘மாத்திரை’, ‘கரண்ட் போச்சு’ என்று எழுதிக் காட்டுவார். குரல் இருந்த காலத்தின் மிச்சமாக மிஸ்ஸின் போனில் பதிமூன்று வினாடி கிடந்தது: “ஹில்டா, மழை வரும்போல இருக்கு, மாடியில துணி கிடக்கு, வர்றப்ப ரொட்டி வாங்கிட்டு வா.” அவ்வளவுதான். அதை வண்டியில் போட்டால் தகரடப்பாவுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி கேட்டது.

“அண்ணாச்சி, அவர் சத்தம் அடிவயித்துலருந்து வரும். இதுல அடியே கேக்க மாட்டேங்கு” என்றார்கள் மிஸ். “அடி வேணும்.”

அப்பா அந்த அடிக்காக மூன்று நாள் மெனக்கெட்டார். சாதாரண வண்டி என்றால் இன்ஜின் இரைச்சலே பாதிக் குறையை மறைத்துவிடும், சத்தமே இல்லாத வண்டியில் ஒரு கிளிப் ஆடினாலும் மானம் போகும் என்று நாலு கதவையும் கழற்றித் தார் ஷீட் ஒட்டினார். ஸ்டெப்னி கிடக்கிற பள்ளத்தில், அடிச்சத்தம் கொடுக்கிற ஊஃபரை இறக்கினார். “ஆரஞ்சு ஒயரைத் தொட்டே, நேரா பரலோகம்தான்” என்று நிமிசத்துக்கு ஒருமுறை என்னை மிரட்டிக்கொண்டே ஆம்ப்ளிஃபயரை மாட்டினார். கடைசியாக, பெயிண்டைச் சுரண்டி, விரல் தண்டி ஒயரால் வண்டி உடம்போடு எர்த் கொடுத்தார். எர்த் சரியில்லாவிட்டால் ஸ்பீக்கர் முணுமுணுக்கும், மனுசன் மாதிரியே, என்பது அவர் கட்சி. அந்தப் பதிமூன்று வினாடியை நூறு தடவை ஓட்டி ஓட்டித்தான் அடிச்சத்தத்துக்குப் பாஸ் வைத்தோம்; நூறாவது தடவையில், லாஞ்சைக் கரையில் கட்டிவிட்டு இன்ஜினை அணைக்க மறந்த மாதிரி ஒரு துடிப்பு சீட்டுக்கு அடியில் எழுந்து வந்தது, அதுதான் மச்சாடோ அங்கிள். நூறு தடவை கேட்ட குரல் எனக்குள் ஏறாமல் இருக்குமா, ஏறி உட்கார்ந்துகொண்டது.

எல்லாம் முடிந்து கடை பிளக்கில் சார்ஜ் போட்டபோதுதான் வண்டி புளிக்குழம்பைப் பற்றிப் பேசியது.

லைன்மேன் இசக்கியப்பன் வந்து பார்த்தார். “இதுல என்ன அதிசயம்? எர்த் குழி எதுக்கு இருக்கு, வேண்டாத கரண்ட் போய்ச் சேரத்தான? வாய் வரைக்கும் வந்து முழுங்குற பேச்சும் அங்கனதான் போகும். ஒங்க குழி நல்ல குழி, வண்டி அதை உறிஞ்சிருக்கு” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். தெருவும் அவரோடு டீக்கடைக்குப் போனது. அதற்குமேல் யாரும் காரணம் கேட்கவில்லை, ஆளுக்கொரு எக்ஸ்டென்ஷன் போர்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

வரிசை இருபது நாள் ஓடியது. பள்ளிக்கூடத்தில் மிஸ் வண்டியை நிறுத்துகிற இடத்துக்குப் பின்சுவர் வழியாக ஒயர் வரும். சாயங்காலம் மிஸ் வீட்டுக்குப் போகிற வழியில், கரண்டில் ஓடுகிறவரைக்கும், கண்ணாடியை இறக்கிவிட்ட வண்டி அன்றைக்குச் சார்ஜ் கொடுத்த வீட்டின் முழுங்கிய பேச்சையெல்லாம் தெருவுக்குச் சொல்லிக்கொண்டே நகரும், தெருவும் சத்தமில்லாமல் பின்னாலேயே நடக்கும். ஒன்பது வருசமாக ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காத கயிற்றுக்கடை அண்ணன் தம்பியில், தம்பி வீட்டுக் கரண்டில் ஓடிய அன்று வண்டி, “அண்ணன் இருமுறது இங்க வரைக்கும் கேக்கு, சுக்கு தட்டிப் போட்டுக் குடுக்கணும்” என்றது. மறுநாள் நடுச்சுவர்மேல் ஒரு டம்ளர் கஷாயம் இருந்தது, அதற்கு மறுநாள் அந்த டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது, பேச்சுவார்த்தை மட்டும் இன்றுவரை கிடையாது. பாவசங்கீர்த்தனத்துக்கு ஆள் குறைகிறது என்று கோபித்துக்கொண்டு வந்த பங்குச் சாமியார், கோபம் ஆறியதும் தன் பங்களா பிளக்கையும் ஒருநாள் கொடுத்தார். “எனக்கும் பசிக்கும் மக்களே, வேண்டுதலைச் சுருக்கிச் சொல்லுங்க” என்று வண்டி சொன்ன ஞாயிற்றுக்கிழமை பூசை நாற்பது நிமிசத்தில் முடிந்தது.

பயந்த வீடுகளும் இருந்தன. எர்த் குழிக்கு உப்புத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திக் காய விட்டார்கள். அந்த வீடுகளில் ஃபிரிட்ஜைத் தொட்டால் சுர்ரென்று இழுத்தது, அதையும் தாங்கிக்கொண்டு செருப்புப் போட்டுத் தயிர் எடுத்தார்கள். பேச ஆசைப்பட்ட வீடுகளோ உப்பளத்திலிருந்து மூட்டை மூட்டையாக உப்பு வாங்கிக் கொட்டினார்கள். இவ்வளவுக்கும் நடுவில் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் மட்டும், போன வருசத்திலிருந்து என்ன கோளாறோ, பெரிதாக உறுமிக்கொண்டே இருந்தது. தெரு நாய்கள் ஏழும் அந்த உறுமலைத் தாலாட்டாக நினைத்து அதன் அடியிலேயே தூங்கின. மனுக் கொடுத்தும் பார்த்தோம், மனுவும் தூங்கியது.

என் குரலில் மட்டும் வண்டி பேசவே இல்லை. முழுங்கினால்தானே பேசும்.

ஹில்டா மிஸ் அந்த இருபது நாளும் ஊரெல்லாம் பேசி முடித்த வண்டியை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய், வாசல் பிளக்கில் செருகி, மறுபடியும் ஏற்றி, மச்சாடோ அங்கிளைப் பக்கத்தில் உட்காரவைத்து, உப்பளத்து ரோட்டில் கலங்கரை விளக்கம் வரைக்கும் தினமும் ஓட்டிப் போவார்கள். வண்டி ஒரு வார்த்தை பேசாது. போகும்போதும் பேசாது, வரும்போதும் பேசாது.

இருபத்தோராம் நாள் கடைக்கு வந்து அப்பாவிடம் கேட்டார்கள். “ஸ்பீக்கர்ல எதுவும் ரிப்பேரா அண்ணாச்சி?”

அப்பா எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். “எல்லாம் சுத்தமா இருக்கு மிஸ்.”

“அப்ப சரி” என்றார்கள். சாவியை எடுத்துக்கொண்டு, “அந்தாளுக்குள்ள எங்கிட்டச் சொல்ல ஒண்ணுமே இல்ல போல” என்றார்கள். வகுப்பில் நியூட்டன் விதியைத் தப்பாகச் சொன்னாலே கண்ணாலேயே நம்மைச் சுவரில் அறைகிற மிஸ், சொல்லும்போது சாவியைத்தான் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் நான் அதைச் செய்தேன். பாஸ் வைக்கும்போது என் போனை வண்டியோடு ப்ளூடூத்தில் சேர்த்திருந்தோம், அது அப்படியே இருந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது, அர்த்தநாரி முன்னால், நான் சைக்கிளில் பின்னால். பள்ளிக்கூடம் விட்டுத் திரும்புகிற நேரம், வண்டியில் மிஸ் மட்டும்தான். போனை வாயருகில் வைத்து, லாஞ்சு இன்ஜினை அடிவயிற்றில் கிளப்பி, “ஹில்டா, இந்த நீலச் சேலை ஒனக்கு எடுப்பா இருக்கு” என்றேன். ரயில் போயிற்று, கேட் திறந்தது, பின்னால் நின்ற லாரி ஹாரனை அழுத்தி அழுத்திக் களைத்தது. வண்டி ரொம்ப நேரம் கழித்துத்தான் நகர்ந்தது.

மறுநாள் மிஸ் இன்னொரு நீலச் சேலையில் வந்தார்கள். வகுப்பில் யாருக்கும் திட்டு விழவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளும் கேட்டில் நின்றேன், அதற்கு மறுநாளும். “ஹில்டா, நீ வச்ச மீன்கொழம்பு.” “ஹில்டா, நேத்து நீ சிரிச்சியே.” அஞ்சு நாள், அஞ்சு நீலச் சேலை.

ஆறாம் நாள், லேப் முடிந்து எல்லாரும் போனபின், “பியூலா, நில்லு” என்றார்கள். கதவைச் சாத்தினார்கள்.

“நல்லாப் பேசுத. இருமலுக்கு முன்னாடி மூச்சை இழுப்பாரு பாரு, அதைக்கூட விடல.”

“எப்ப மிஸ் கண்டுபிடிச்சீங்க?”

“மொத வார்த்தையில. எங்க வீட்டுல அவரு என்னைய ஹில்டான்னு கூப்பிட்டதே கெடையாது. போன்ல இருக்கது படகுல நாலு பேர் நிக்கப் பேசுனது.”

“அப்புறம் ஏன் மிஸ் அஞ்சு நாளா...”

மிஸ் மேசைமேல் கிடந்த லென்ஸை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தார்கள், துடைத்த இடத்தையே துடைத்தார்கள். நீலத் தலைப்பு. “சத்தம் அவரோடதுதான?” என்றார்கள். “ஆனா ஒண்ணு. பேசி முடிச்சதும் அவரு ஒரு வார்த்தை சொல்லுவாரு. அது வந்தாத்தான் நான் பேச. நீ அஞ்சு நாளும் அதைச் சொல்லல, நானும் அஞ்சு நாளும் வாயத் தொறந்தபடி உக்காந்திருந்தேன்.”

“என்ன வார்த்தை மிஸ்?”

“சொன்னா நாளைக்கே சொல்லிருவ. போ. இனிமே செய்யாத.”

நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன், ஏறத் தோன்றவில்லை. தெருமுனையில் கால் அதுவாக நின்றது. டிரான்ஸ்ஃபார்மர் உறுமிக்கொண்டிருந்தது, அதன் கீழே ஏழு நாய்களும் தூங்கிக்கொண்டிருந்தன, அஞ்சு நாளாக என் அடிவயிற்றில் நான் கிளப்பி வைத்திருந்த துடிப்பு அதன் கூடவே சேர்ந்து துடித்தது. ஒரே தாளம். கரையில் கட்டிய லாஞ்சு. நூறு தடவை கேட்ட எனக்குத் தெரியாதா? “அப்பா!” என்று நான் கத்தியது என் வாயில் மினிபஸ் ஹாரன் மாதிரி வந்தது.

மறுநாள் லீவு. நான் சொன்னதைக் கேட்டு, காலையிலேயே அப்பா மிஸ் வீட்டு வாசல் பிளக் பெட்டியைத் திறந்தார், பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். அந்த வீட்டு எர்த் குழி, தரைக்கு ஓடு பதித்தபோது அடியில் போய்விட்டது. எர்த் இல்லாமல் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி முரண்டு பிடித்திருக்கிறது. வந்த வயரிங்காரர், நம்மூர் வயரிங்காரர்கள் பாதிப் பேர் செய்கிறதைத்தான் செய்திருக்கிறார், எர்த்தையும், கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரலையும் பெட்டிக்குள்ளேயே ஒரு துண்டு ஒயரால் முடிந்து, சார்ஜரை ஏமாற்றிவிட்டுப் போயிருக்கிறார். பூமிக்குப் போக வழியில்லாத பேச்சு, பதினாலு மாசப் பேச்சு, நியூட்ரல் வழியாக ஊர்ந்து ஊர்ந்து தெருமுனைக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்க்குள் கிடந்து உறுமியிருக்கிறது.

துண்டு ஒயரை வெட்டி எறிந்தார் அப்பா. நான் கடப்பாரையால் நாலு ஓடுகளைப் பெயர்த்தேன். குழி பிணம் மாதிரிக் காய்ந்து கிடந்தது. கரி போட்டோம், உப்பு போட்டோம், கரி, உப்பு. சுடலைமுத்து அண்ணாச்சி கடை உப்பு ஜாடியைக்கூடக் கொண்டுவந்து கவிழ்த்தார். மச்சாடோ அங்கிள் யாரையும் விடவில்லை, சிலேட்டைக் கழற்றிக் கொடியில் மாட்டிவிட்டு, கிணற்றிலிருந்து வாளி வாளியாக அவரே இறைத்து ஊற்றினார். குழி ஒவ்வொரு வாளிக்கும் ஏப்பம் விட்டது. பச்சை எர்த் ஒயரை இறக்கி, வண்டியைச் செருகினோம். மத்தியானம் பன்னிரண்டு மணி. ஒரு மணிக்கு டிரான்ஸ்ஃபார்மர் உறுமல் கம்மியது, இரண்டு மணிக்குக் கொசு மாதிரி ஆனது, நாலு மணிக்கு அடங்கிப் போயிற்று, நாய்கள் ஏழும் ஏதோ களவு போய்விட்ட மாதிரி எழுந்து நின்று ஒன்றையொன்று பார்த்தன.

“நீயும் ஏறு” என்றார்கள் மிஸ் என்னிடம். “பின்னாடி. இந்தா.” ஒரு பெரிய மக்ரூனை என் வாயில் திணித்தார்கள். “முழுங்காத. கடிக்காத. எனக்குச் சாட்சி வேணும்.”

உப்பளத்து ரோட்டில் அந்த நேரத்தில் வானம் இரண்டு இருக்கும், மேலே ஒன்று, பாத்திகளுக்குள் ஒன்று. நடுவில் வெள்ளை உப்புக் குவியல்கள் ஓலை போர்த்தித் தூங்கிக்கொண்டிருக்கும். சத்தமே இல்லாத வண்டி எந்த வானத்தில் போகிறது என்று உள்ளே இருக்கிற நமக்கே தெரியாது. அந்த மௌனத்துக்குள், சீட்டுக்கு அடியிலிருந்து, லாஞ்சு இன்ஜின் மெல்லத் துடித்து எழுந்தது.

“கன்ட்ரோல், கன்ட்ரோல். எதுத்தாப்புல லாரி வாரான், பிரேக்கு. ஓவர்.”

வண்டி பேச்சை நிறுத்திக்கொண்டது. கொஞ்ச தூரம் போனபின் மறுபடியும்:

“கன்ட்ரோல், மீன்கொழம்புல புளி தூக்கல். ஓவர்.”

பாத்திக்குள் ஒரு கொக்கு வானத்தைக் கொத்தியது.

“கன்ட்ரோல், நேத்து நீ அழுதது கேட்டுச்சு. நான் தூங்கல. ஓவர்.”

ஒவ்வொரு ஓவருக்கும் பின்னால் வண்டி காத்திருந்தது, துறைமுகத்துக் கன்ட்ரோல் ரூமுக்குப் பேசிவிட்டுப் படகு காத்திருக்கிற மாதிரி, இந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தால்தான் அடுத்தது என்பது மாதிரி. மிஸ் வண்டியை ஓரம் கட்டினார்கள். பக்கத்துச் சீட்டில் மச்சாடோ அங்கிள் பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார், காது மட்டும் சிவந்திருந்தது.

“கன்ட்ரோல், கேக்குதா? ஓவர்.”

“கேக்குது” என்றார்கள் மிஸ். “கன்ட்ரோல் பேசுதேன். நல்லாக் கேக்குது. புளி தூக்கல்னா அன்னைக்கே சிலேட்டுல எழுதுறதுக்கு என்ன? சொல்லுங்க. எல்லாத்தையும் சொல்லுங்க. ஓவர்.”

அங்கிள் கையை நீட்டி டேஷ்போர்டை இரண்டு தட்டுத் தட்டினார். டக், டக். வயர்லெஸ்ஸில் வாயால் பதில் சொல்ல முடியாதபோது பட்டனை இரண்டு தரம் அமுக்குவார்களாம், வந்து சேர்ந்தது என்று அர்த்தமாம். பொழுது சாய்கிறவரை வண்டியும் மிஸ்ஸும் மாறி மாறிப் பேசினார்கள், மிஸ் சொன்ன ஒவ்வொன்றுக்கும் அங்கிள் தட்டினார். எனக்கும் மிஸ்ஸிடம் சொல்ல ஒன்று இருந்தது. மக்ரூன் இருந்தது. அது முழுசாகக் கரைந்த பிறகும் வாய் திறக்கவில்லை. மக்ரூனோடு சேர்த்து அதையும் முழுங்கிவிட்டேன்.

அடுத்த வாரம், ஊஃபர் மூடியில் ஒரு ஸ்குரூ ஆடுகிறது என்று வண்டி கடைக்கு வந்தது. சார்ஜில் போட்டுவிட்டு அப்பா ஸ்குரூவைத் தேடிக்கொண்டிருந்தார். மிஸ்ஸும் அங்கிளும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். அம்மா புளிக்குழம்போடு வந்தாள். சுடலைமுத்து அண்ணாச்சி டீக் கிளாஸோடு வாசலில் நின்றார். அப்போது ஸ்பீக்கரிலிருந்து, மெலிசாக, கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி, ஒரு சின்னப் பிள்ளையின் குரல் வந்தது.

“மன்னிச்சிருங்க மிஸ். ஓவர்.”

“இது யாரு சத்தம்?” என்றார் அப்பா.

“நம்ம தெருவுல கேட்ட சத்தமே இல்லியே” என்றார் அண்ணாச்சி. அம்மாவும் தலையைச் சாய்த்துக் கேட்டாள், உதட்டைப் பிதுக்கினாள். பியூலா, நீதானா என்று யாரும் என்னைப் பார்க்கவில்லை.

வண்டிக்குள்ளிருந்து, இரண்டு கைகளாக, டக், டக் என்று கேட்டது.